அம்மாவின் அரங்கேற்றமும் ஐம்பது ஹெர்ட்ஸும்

(எபிசோடின் எடிட் செய்த எழுத்து வடிவம்)

இன்னிக்கு எபிசோடு வரலாறுதான், ஆனா தொடங்குறது எங்க வீட்டு ஹால்ல.

போன மார்கழி, ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். மந்தைவெளியில எங்க வீட்டு டிவிக்குக் கீழே ஒரு சின்ன பெட்டி இருக்கு. ரிச்சி தெருவுல செகண்ட் ஹேண்டுல வாங்கின மினி பிசி. அதுல லினக்ஸ் போட்டு, கோடி போட்டு, எச்டிஎம்ஐ கேபிள்ல டிவியோட இணைச்சு, வீட்டுல இருக்கிற எல்லா வீடியோவையும் அதுல ஏத்தி வெச்சிருக்கேன். படங்கள், பழைய ஃபங்ஷன் வீடியோக்கள், எல்லாம்.

அன்னிக்கு அம்மாவோட அரங்கேற்ற வீடியோவைப் போட்டேன். 1990-ல, மயிலாப்பூர்ல ஒரு சபாவுல நடந்தது. அம்மாவுக்கு அப்போ 17 வயசு. விஎச்எஸ் கேசட்ல எடுத்தது. 2004-ல அப்பா அதை ஒரு கடையில குடுத்து விசிடியா மாத்தினார், ரெண்டு டிஸ்க். நான் அந்த டிஸ்க்கைத்தான் காப்பி பண்ணி வெச்சிருந்தேன்.

வர்ணம் ஓடிட்டிருக்கு. பக்கத்துல உட்கார்ந்து அம்மாவோட வாத்தியார் நட்டுவாங்கம் பண்றார். அவர் இப்போ இல்லை. அவர் குரல் எங்ககிட்ட இருக்கிற ஒரே இடம் இந்த வீடியோதான். ஜதி வேகமெடுக்குது. அம்மா கொஞ்ச நேரம் பார்த்தாங்க. அப்புறம் சொன்னாங்க: "என்னடா இது, கால் தாளத்துல விழவே இல்லையே. நான் இப்படியா ஆடினேன்?"

எனக்கு உடனே புரியலை. படம் லேசா துள்ளித் துள்ளிப் போச்சு, அது எனக்கும் தெரிஞ்சுது. பழைய வீடியோன்னா அப்படித்தான் இருக்கும்னு நினைச்சிருந்தேன். ஆனா அம்மா கேட்டது வேற கேள்வி. முப்பது வருஷத்துக்கு முன்னாடி தான் ஆடினது தப்போன்னு அவங்களுக்கு ஒரு சந்தேகம் வந்துடுச்சு. சாட்சி சொல்ல வாத்தியாரும் இல்லை.

இந்த எபிசோடு அந்தக் கேள்விக்கான பதில். அதுக்காக நான் 1905 வரைக்கும் போக வேண்டியிருந்தது.

முதல் சந்தேகம்: மெஷின்

இஞ்சினியரிங் படிச்ச புத்தி முதல்ல எங்க போகும்? பெட்டிக்குத் திராணி இல்லைன்னு நினைக்கும். ஒரு காலத்துல அது நியாயமான சந்தேகம். வீடியோவை அப்படியே சேமிச்சா இடம் பத்தாது. அதனால சுருக்கி வைக்கிறோம், பார்க்கும்போது விரிக்கிறோம். விரிக்கிற வேலை கடினம். எச்.264 2003-ல வந்தப்போ, ஹெச்டி வீடியோவை விரிக்கப் பல வீட்டுக் கம்ப்யூட்டர்கள் மூச்சு வாங்கின. 2013-ல எச்இவிசி வந்தப்போ மறுபடியும் அதே கதை. அந்தந்த சுருக்கத்தை விரிக்கத் தெரிஞ்ச தனிப் பகுதி சில்லுக்குள்ளேயே வந்த பிறகுதான் பிரச்சினை அடங்கிச்சு.

ஆனா இது விசிடி. 352-க்கு 288 புள்ளி. என் பெட்டியில ப்ராசஸர் கிட்டத்தட்ட தூங்கிட்டிருந்தது. ஒரு ஃப்ரேம்கூட விடுபடலைன்னு ப்ளேயர் சொல்லுது. எல்லா ஃப்ரேமும் வருது, ஆனாலும் படம் துள்ளுது.

அப்போ வேகத்துல குறை இல்லை, நேரத்துலதான் குறை. வீடியோவுக்குள்ள ஒரு கடிகாரம் ஓடுது, டிவிக்குள்ள வேற ஒரு கடிகாரம் ஓடுது. ரெண்டும் ஒத்துப்போகலை. இந்தக் கடிகாரங்களை வெச்சது யாரு, எப்போ, ஏன்? அதுதான் நம்ம வரலாறு.

24: காதுக்காக வந்த எண்

1905-ல சாமிக்கண்ணு வின்சென்ட், ரயில்வேயில வேலை பார்த்தவர், திருச்சியில டூபான்ட் என்கிற பிரெஞ்சுக்காரர்கிட்ட ஒரு ப்ரொஜெக்டரை வாங்கினார். அதைத் தூக்கிக்கிட்டு ஊர் ஊரா போய்ப் படம் காட்டினார். தென்னிந்தியாவுல சினிமா பரவின கதையில அவர் பெயர் முதல் வரிசையில இருக்கும்.

அந்தக் காலத்து ப்ரொஜெக்டர்கள் பெரும்பாலும் கையால சுத்துறது. கேமராவும் அப்படித்தான். நொடிக்கு 16 படம்னு ஒரு குத்துமதிப்பு உண்டு. ஆனா கை வலிச்சா மெதுவாகும், சண்டைக் காட்சி வந்தா வேகமாகும், கடைசி ஷோ சீக்கிரம் முடியணும்னா இன்னும் வேகமாகும். யாரும் பெருசா கவலைப்படலை, ஏன்னா கண் மன்னிச்சுடும். ஆள் கொஞ்சம் வேகமா நடந்தாலும் நமக்கு ஆள் நடக்கிறதுதான் தெரியும்.

காது மன்னிக்காது. 1920களோட கடைசியில படத்தோட ஒலியும் சேர்ந்தப்போ இந்த வசதி போயிடுச்சு. ஃபிலிம் கொஞ்சம் வேகமாப் போனா பாட்டோட சுருதி ஏறும், மெதுவாப் போனா இறங்கும். அதனால நிமிஷத்துக்கு 90 அடி ஃபிலிம்னு வேகத்தைக் கட்டிப் போட்டாங்க. 35 எம்எம் ஃபிலிம்ல ஒரு அடிக்கு 16 படம். 90-ஐ 16-ஆல பெருக்கி 60-ஆல வகுத்துப் பாருங்க, 24 வரும்.

1931 அக்டோபர் 31-ல 'காளிதாஸ்' சென்னை கினிமா சென்ட்ரல்ல வெளியானது. எச்.எம். ரெட்டி இயக்கம், டி.பி. ராஜலட்சுமி நடிப்பு. தமிழ் ஒலிச்ச முதல் படம் அதுதான். அங்கே தொடங்கி, எங்க ஏரியா பெரியவங்க இன்னும் பேசுற ஆர்.கே. மட் ரோடு கபாலி தியேட்டர், லஸ் காமதேனு தியேட்டர் வரைக்கும், பேசும் படங்கள் ஓடினது இந்த 24 கணக்குலதான்.

24 ரொம்பக் குறைச்சல்னு அப்பவே தெரியும். நொடிக்கு 24 தடவை வெளிச்சம் வந்து போனா கண் கூசும். அதனால ப்ரொஜெக்டர் ஷட்டர் ஒவ்வொரு படத்தையும் ரெண்டு தடவை காட்டும். 24 படம், 48 மினுக்கல். இதைக் கவனிச்சுக்கோங்க: ஒவ்வொரு படத்துக்கும் சரியா ரெண்டு தடவை. ஒண்ணுக்கு ரெண்டு, இன்னொண்ணுக்கு மூணு கிடையாது. தியேட்டர்ல படம் வழுக்கிக்கிட்டு ஓடினதோட ரகசியம் இந்தச் சமத்துவம்தான்.

50: கரண்ட் கம்பத்துல இருந்து வந்த எண்

அடுத்த கடிகாரம் டிவியோடது. 1936-ல பிபிசி லண்டன்ல ஒளிபரப்பு தொடங்கினப்போ நொடிக்கு 50 தடவை திரையை வரைஞ்சாங்க. 1941-ல அமெரிக்கா தன் டிவி தரத்தை வகுத்தப்போ 60 தடவை. ஏன் இந்த வித்தியாசம்? பிரிட்டன்ல வீட்டுக்கு வர்ற கரண்ட் நொடிக்கு 50 தடவை ஏறி இறங்கும். அமெரிக்காவுல 60 தடவை. அந்தக் காலத்து டிவி செட்டுக்குள்ள கரண்டோட அதிர்வு கசிஞ்சு படத்துல பட்டையா தெரியும். திரையோட வேகமும் கரண்டோட வேகமும் ஒண்ணா இருந்தா அந்தப் பட்டை நகராம ஒரே இடத்துல நிக்கும், கண்ணை உறுத்தாது. வேற வேற வேகமா இருந்தா பட்டை மேலேயும் கீழேயும் ஊர்ந்து போகும்.

நமக்கு பிரிட்டிஷ்காரன் விட்டுட்டுப் போன கரண்ட், 50 ஹெர்ட்ஸ். அதனால டிவியும் 50. 1959 செப்டம்பர் 15-ல டெல்லியில தொலைக்காட்சி தொடங்கியது. சென்னைக்கு 1975 ஆகஸ்ட் 15-ல வந்தது. 1982-ல, ஆசிய விளையாட்டுப் போட்டியை ஒட்டி, கலர் வந்தது. பால் என்கிற முறை. 625 கோடு, 50 ஹெர்ட்ஸ்.

இன்னிக்கும் இந்த 50 நம்மைச் சுத்தி இருக்கு. சில மண்டபங்கள்ல கச்சேரியை ஃபோன்ல எடுத்தா, வீடியோவுல லைட்டு மினுங்குது பார்த்திருக்கீங்களா? ஃபோன் 30 அல்லது 60 கணக்குல எடுக்குது. லைட்டு 50 ஹெர்ட்ஸ் கரண்ட்ல நொடிக்கு 100 தடவை துடிக்குது. ரெண்டும் ஒத்துப்போகலை. எங்க வீட்டு டிவியில நடந்த அதே சண்டைதான் அங்கேயும்.

இங்க ஒரு தந்திரத்தையும் சொல்லணும், அம்மாவோட கதை இதுலதான் மாட்டிக்கிட்டிருக்கு. நொடிக்கு 50 முழுப் படம் அனுப்ப அலைவரிசையில இடம் இல்லை. அதனால ஒவ்வொரு படத்தையும் ரெண்டாப் பிரிச்சாங்க. முதல்ல ஒற்றைப்படைக் கோடுகள், அடுத்த ஐம்பதில் ஒரு நொடியில இரட்டைப்படைக் கோடுகள். இந்தப் பாதிக்குப் பேர் ஃபீல்டு. முறைக்குப் பேர் இன்டர்லேஸ். ரெண்டு ஃபீல்டு சேர்ந்தா ஒரு ஃப்ரேம், ஆக நொடிக்கு 25 ஃப்ரேம்.

ஆனா வீடியோ கேமராவுல அந்த ரெண்டு பாதியும் வெவ்வேறு நேரத்துல எடுத்தவை. முதல் ஃபீல்டுல கால் தூக்கியிருக்கும். அடுத்த ஃபீல்டுல கால் தரையில இருக்கும். அதாவது 25 ஃப்ரேம்னு சொன்னாலும், அசைவோட கணக்குல அது 50. அந்தக் காலத்து நேரடி ஒளிபரப்பு கிரிக்கெட் ஏன் சினிமாவை விட வழவழன்னு தெரிஞ்சுது? இதனாலதான்.

சுருதி ஏறின வெள்ளிக்கிழமை

24-ல எடுத்த சினிமாவை 25 ஓடுற டிவியில எப்படிக் காட்டுறது? 50 ஹெர்ட்ஸ் நாடுகள்ல பொதுவான வழக்கம் ரொம்ப எளிமையானது: கொஞ்சம் வேகமா ஓட்டிடு. 24-ஐ 25-ஆ ஓட்டு. நாலு சதவீதம்தானே, யாருக்குத் தெரியப்போகுது?

கணக்குப் போட்டா: 150 நிமிஷப் படம் 144 நிமிஷத்துல முடியும். அதைவிட முக்கியம், ஒலியும் அதே அளவு வேகமாகும். சுருதி ஏறும். எவ்வளவு? அரைக்கட்டையில சுமார் 70 சதவீதம். ஒரு கட்டையில பாடின பாட்டு, ஒன்றரைக் கட்டையை எட்டிப் பிடிக்கிற தூரத்துக்குப் போயிடும்.

வெள்ளிக்கிழமை 'ஒளியும் ஒலியும்' பார்த்து வளர்ந்த தலைமுறைகிட்ட இதைச் சொன்னா நம்ப மாட்டாங்க. ஃபிலிமை 25-ல ஓட்டி ஒளிபரப்பின பாட்டு ஒவ்வொண்ணும் ரெக்கார்டுல இருக்கிற சுருதியை விட ஏறித்தான் ஒலிச்சிருக்கும். சுருதிப்பெட்டி வெச்சு வீட்டுல சாதகம் பண்றவங்க டிவி பாட்டோட சேர்ந்து பாடிப் பார்த்தா மாட்டியிருப்பாங்க. மத்தவங்களுக்குத் தெரிஞ்சிருக்காது. அசைவு மட்டும் சீரா இருந்திருக்கும், ஏன்னா ஒரு படத்துக்கு ரெண்டு ஃபீல்டு, எல்லாப் படத்துக்கும் சமம். கண்ணுக்காகக் காதுகிட்ட கொஞ்சம் கடன் வாங்கினாங்க.

60-உம், அரைகுறை எண்களும்

அமெரிக்காவுல அந்தக் கடனை வாங்க முடியலை. 24-ஐ 30-ஆ ஓட்டினா கார்ட்டூன் ஆயிடும். அதனால ஒரு படத்தை ரெண்டு ஃபீல்டு, அடுத்த படத்தை மூணு ஃபீல்டு, மறுபடி ரெண்டு, மறுபடி மூணுன்னு காட்டினாங்க. கணக்கு சரியா வரும். ஆனா ஒரு படம் 33 மில்லி நொடி நிக்கும், அடுத்தது 50 மில்லி நொடி நிக்கும். கேமரா மெதுவாத் திரும்புற காட்சியில அந்த நொண்டல் நல்லாத் தெரியும்.

அப்புறம் 1953-ல அங்கே கலர் டிவிக்கு அனுமதி வந்தது. பழைய கறுப்பு வெள்ளை செட்டுலயும் அதே ஒளிபரப்பு தெரியணும். கலர் சிக்னலும் ஒலி சிக்னலும் மோதிக்காம இருக்க, வேகத்தை ஆயிரத்தில் ஒரு பங்கு குறைச்சாங்க. 30 என்பது 29.97 ஆச்சு. அதைப் பின்பற்றி 24 என்பது 23.976 ஆச்சு. எழுபது வருஷத்துக்கு முன்னாடி வேற ஒரு நாட்டுல எடுத்த முடிவு. இன்னிக்கு உங்க ஹார்டு டிஸ்க்ல இருக்கிற படத்து ஃபைலோட விவரத்தைத் திறந்து பாருங்க, பெரும்பாலும் அந்த 23.976 உட்கார்ந்திருக்கும்.

கம்ப்யூட்டர் இந்தக் குடும்பத்துலதான் பிறந்தது. 1987-ல ஐபிஎம் கொண்டுவந்த விஜிஏ, 640-க்கு 480 திரையை கிட்டத்தட்ட 60 ஹெர்ட்ஸ்ல வரைஞ்சது. இன்னிக்கும் நீங்க ஒரு கம்ப்யூட்டரை டிவியில செருகினா, யாரையும் கேட்காம 60-ல போய் நிக்கும்.

ஹோம் தியேட்டர் பிசி கட்டுறவங்களுக்கு இந்த 23.976 பெரிய தலைவலி. 2010-ஐ ஒட்டின காலத்துல, இன்டெலோட சில கிராபிக்ஸ் சில்லுகள்ல 23.976 கேட்டா 24.000 கிடைச்சது. வித்தியாசம் ஆயிரத்தில் ஒண்ணு. ஆனா நொடிக்கு 0.024 ஃப்ரேம் சேர்ந்து சேர்ந்து, சுமார் 41 நொடிக்கு ஒரு தடவை படம் ஒரு துளி நின்னு போகும். பார்க்கிறவனுக்கு ஏதோ இடறுதுன்னு மட்டும் தெரியும், என்னன்னு தெரியாது. பின்னால வந்த சில்லுகள்ல சரி பண்ணினாங்க.

தியேட்டர்ல ஏன் இந்தத் தொல்லை இல்லை? ஃபிலிம் போய் டிஜிட்டல் வந்தப்போ அவங்க ஒரே எண்ணைப் பிடிச்சுக்கிட்டாங்க. 2005-ல ஹாலிவுட் ஸ்டூடியோக்கள் சேர்ந்து வகுத்த டிஜிட்டல் சினிமா தரம் சுத்தமான 24-ஐ எடுத்துக்கிட்டது. தேவைப்பட்டா 48. தசமப் புள்ளியே இல்லை. நம்ம மயிலாப்பூர்ல இருந்து வளர்ந்த ரியல் இமேஜ் கம்பெனியோட க்யூப் சர்வர்கள் இந்தியா முழுக்க தியேட்டர்கள்ல ஓடுது. அடிப்படையில அதுவும் என் டிவிக்குக் கீழே இருக்கிற மாதிரி ஒரு கம்ப்யூட்டர்தான். ஆனா அங்கே படம், ஒலி, ப்ரொஜெக்டர் மூணும் ஒரே கடிகாரத்துக்குக் கட்டுப்படும். வீட்டுல மூணுக்கும் மூணு பூர்வீகம்.

மறுபடியும் எங்க ஹால்

இப்போ என் கேஸுக்கு வருவோம். விசிடி 25 ஃப்ரேம். டிவி 60 ஹெர்ட்ஸ்ல நிக்குது. 60-ஐ 25-ஆல வகுத்தா 2.4. ஒரு படத்தை 2.4 தடவை காட்ட முடியாது. அதனால ரெண்டு, ரெண்டு, மூணு, ரெண்டு, மூணுன்னு காட்டுது. அம்மா சீரா ஒரு சுத்து சுத்தினா, படம் சீரில்லாம சுத்துது.

இதுக்குத் தீர்வு அரை நிமிஷ வேலை. கோடியில, வீடியோவுக்கு ஏத்த மாதிரி டிவியோட ரெஃப்ரெஷ் ரேட்டை மாத்திக்கோன்னு ஒரு ஆப்ஷன் இருக்கு. போட்டேன். டிவி ஒரு நொடி கறுத்து, 50 ஹெர்ட்ஸ்ல எழுந்தது. ஒரு படத்துக்கு ரெண்டு தடவை, எல்லாப் படத்துக்கும் சமம். பழைய ப்ரொஜெக்டர் ஷட்டர் மாதிரியே. துள்ளல் போயிடுச்சு.

அம்மாவைக் கூப்பிட்டேன். பார்த்தாங்க. "இப்போ பரவாயில்லை. ஆனா காலைக் காணோமேடா."

சரியாத்தான் சொன்னாங்க. மூணாம் காலத்துல கால் எழும்புறது தெரியுது, இறங்கினது தெரியுது, தட்டுற அந்தக் கணம் பல இடத்துல இல்லவே இல்லை. தாளச் சத்தம் கேட்குது, அந்தச் சத்தத்துக்குரிய கால் திரையில இல்லை.

கடைக்காரர் மேல கோபம் வந்தது. ஏதோ மட்டமா மாத்திட்டாருன்னு நினைச்சேன். அப்புறம் விசிடியோட தரத்தைப் படிச்சேன். 1993-ல வகுத்தது. ஒரு சிடியில 74 நிமிஷம் வீடியோவை அடைக்கணும், அதுதான் இலக்கு. அதுக்குப் பயன்படுத்தின எம்பெக்-1 சுருக்கத்துக்கு இன்டர்லேஸ்னா என்னன்னே தெரியாது. பால் டிவியில ஒரு ஃபீல்டுக்குக் கண்ணுல படுற கோடு 288. விசிடியோட உயரம் 288. நொடிக்கு 25.

புரியுதா? ஜோடியில ஒரு ஃபீல்டை வெச்சுக்கிட்டு இன்னொண்ணைக் கீழே போட்டுடுவாங்க. ரெண்டு ஃபீல்டும் வெவ்வேறு நேரத்துல எடுத்தவைன்னு சொன்னேன் இல்லையா? அப்போ கீழே போட்டது தெளிவை மட்டுமில்லை, நேரத்தை. அந்த அரங்கேற்றத்துல பாதி நேரம் விசிடியில கிடையாது. முதல் காலத்துல நொடிக்கு ஒரு தட்டுன்னு வெச்சா, மூணாம் காலத்துல நொடிக்கு நாலு. ஒரு தட்டுக்கு விஎச்எஸ்ல 12 படம் இருந்திருக்கும். விசிடியில ஆறு. கால் தரையைத் தொட்ட கணம் கீழே போட்ட பாதியில விழுந்திருந்தா, அது போயே போச்சு.

கடைக்காரர் செஞ்சதுல தப்பே இல்லை. அவர் வேலை செஞ்ச வடிவத்துக்குள்ள அதுக்கு இடமே இல்லை. 2004-ல எல்லார் வீட்டுலயும் இருந்தது விசிடி ப்ளேயர். கல்யாண வீடியோ, நிச்சயதார்த்தம், பள்ளி ஆண்டு விழா, எத்தனையோ குடும்பத்து நினைவுகளோட பாதி நேரம் இப்படித்தான் போயிருக்கு. போச்சுன்னு யாருக்கும் தெரியாது.

பரண்ல ஒரு கேசட்

அம்மாகிட்ட கேட்டேன், ஒரிஜினல் கேசட் இருக்கான்னு. "பரண்ல பாரு, உங்க பாட்டி எதையும் தூக்கிப் போட மாட்டாங்க." இருந்தது. பாலிதீன் கவர்ல சுத்தி, ஒரு பிஸ்கட் டப்பாவுக்குள்ள.

டேப்போட ஓரத்துல வெள்ளையா பொடி. பூஞ்சை. நம்ம ஊர் ஈரப்பதத்துல முப்பது வருஷம் இருந்த டேப்புக்கு இது சகஜம். அப்படியே டெக்குல போட்டா ஹெட் கெட்டுப்போகும், டேப்பும் அறுந்துபோகலாம், பூஞ்சை அடுத்த கேசட்டுக்கும் தொத்தும். டெக்குன்னா விசிஆர். ஒரு காலத்துல தெருவே சேர்ந்து ராத்திரிக்கு வாடகைக்கு எடுத்துப் படம் பார்த்த சாமான். இப்போ நல்ல நிலையில ஒண்ணு கிடைக்கிறதே கஷ்டம். உலகத்துல கடைசியா விசிஆர் தயாரிச்ச ஜப்பானோட ஃபுனாய் கம்பெனி 2016 ஜூலையில நிறுத்திடுச்சு. இருக்கிற டெக்குகள் தேய்ஞ்சு தீர்றதுக்குள்ள இருக்கிற டேப்புகளை எடுத்தாகணும். அவ்வளவுதான் நமக்கு இருக்கிற நேரம்.

டேப்பைச் சுத்தம் பண்ணத் தெரிஞ்ச ஒருத்தர் நகரத்துல கிடைச்சார். குடுக்கும்போது ரெண்டே ரெண்டு விஷயம் கேட்டேன். ரெண்டு ஃபீல்டையும் அப்படியே வெச்சுக்கோங்க, இன்டர்லேஸை நீங்க சரி பண்ண வேண்டாம். 25-ஐ 30-ஆ மாத்த வேண்டாம். அவர் சிரிச்சார். இதைக் கேட்டு யாரும் வர்றதில்லையாம்.

மூணு வாரம் கழிச்சு ஹார்டு டிஸ்க் வந்தது. அந்த ஃபைலை, ஒவ்வொரு ஃபீல்டையும் தனிப் படமா விரிக்கிற டீஇன்டர்லேஸ் முறையில ஓட்டினேன். நொடிக்கு 50 படம். டிவி 50 ஹெர்ட்ஸ். ஒண்ணுக்கு ஒண்ணு.

வர்ணத்தோட அதே ஜதி. வாத்தியார் குரல், தாளம், சலங்கை. கால் விழுந்தது. ஒவ்வொரு தட்டும், தாளம் விழுற இடத்துல. விஎச்எஸ் விஎச்எஸ்தான், கலர் வழியுது, ஓரத்துல இரைச்சல். ஆனா ஆட்டம் முழுசா இருந்தது.

அம்மா ஒண்ணும் சொல்லலை. மடியில விரல் தாளம் போட்டுக்கிட்டே இருந்தது. தீர்மானம் முடிஞ்சதும், "அந்த மூணாவது ஜதியில வாத்தியார் வேணும்னே கொஞ்சம் வேகம் கூட்டினார். சொல்லாம கூட்டினார். நான் பிடிச்சுட்டேன் பாரு"ன்னாங்க.

ஒரு விஷயம் பாக்கி இருக்கு. டேப்போட முதல் பதினோரு நிமிஷம் மீளவே இல்லை. ரீவைண்ட் பண்ணி வெச்ச கேசட்ல ஆரம்பப் பகுதிதான் வெளிச்சுத்துல இருக்கும், பூஞ்சை அங்கேதான் அதிகம் தின்னிருந்தது. அந்தப் பதினோரு நிமிஷத்துலதான் அலாரிப்பு. இப்போ அம்மாவோட அலாரிப்பு இருக்கிற ஒரே இடம், நான் திட்டித் தீர்த்த அந்த விசிடி. பாதி நேரத்தோட, 288 கோட்டுல. அப்பா அன்னிக்கு அந்தக் கடைக்குப் போகலைன்னா அதுவும் இல்லை.

அதனால எங்க வீட்டு ஃபைல் இப்போ இப்படி ஓடுது: முதல்ல விசிடியில இருந்து அலாரிப்பு, நொடிக்கு 25. அப்புறம் டேப்புல இருந்து மீதி, நொடிக்கு 50. ஒட்டின இடம் பளிச்சுனு தெரியும். ஏஐ வெச்சு நடுவுல இல்லாத படங்களைப் புதுசா உண்டாக்கி வழவழன்னு ஆக்கலாம்னு ஃப்ரெண்டு ஒருத்தன் சொன்னான். செய்யலாம். ஆனா கால் தரையைத் தொட்ட அந்தக் கணம் எப்படி இருந்ததுன்னு அந்த சாஃப்ட்வேருக்குத் தெரியாது, அது ஊகிக்கும். அம்மா கேட்டது "நான் எப்படி ஆடினேன்"னு. ஊகம் அதுக்குப் பதில் ஆகாது. ஒட்டை அப்படியே விட்டுட்டேன்.

உங்க வீட்டுக்கு

உங்க பரண்லயும் கேசட் இருந்தா, சுருக்கமா நாலு விஷயம். பூஞ்சை இருக்கான்னு பார்க்காம டெக்குல போடாதீங்க. மாத்தக் குடுக்கும்போது ரெண்டு ஃபீல்டையும் அப்படியே வெச்சுத் தரச் சொல்லுங்க. ஏற்கெனவே விசிடியோ டிவிடியோ இருந்தா, புதுசு வந்துடுச்சுன்னு பழசைத் தூக்கிப் போடாதீங்க. வீட்டுல டிவியோட இணைச்ச கம்ப்யூட்டர் இருந்தா, புதுசு வாங்குறதுக்கு முன்னாடி அது எந்த ஹெர்ட்ஸ்ல நிக்குதுன்னு ஒரு தடவை பாருங்க. பெரும்பாலும் 60-ல நிக்கும். நம்ம பழைய வீடியோ 50.

அடுத்த எபிசோடுல சந்திப்போம். உங்க வீட்டு கேசட் கதை ஏதாவது இருந்தா எழுதி அனுப்புங்க.